கல்லடியில் ஒரு பஸ்கா விருந்து: வீட்டுக்காரர் இல்லாத பந்தி

தவக்காலம் தொடங்கியதும் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அந்தச் சுவரொட்டி மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கிறது. "ஆண்டவர் இயேசு உண்டபடியே பஸ்கா விருந்து" என்பது அதன் தலைப்பு. பஸ்கா என்பது எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலையை யூதர் நினைவுகூரும் பண்டிகை. முன்பு என்னிடம் படித்த இருவர், ஒருவர் தம் பிள்ளைகளோடும் மற்றவர் தம் தாயாரோடும் போக எண்ணி, நான் ஏற்கெனவே போய்வந்தவள் என்று கேள்விப்பட்டு, பணம் கொடுக்கத் தகுமா என்று விசாரித்தார்கள். தொலைபேசியில் அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன். நான் சென்றது 2024ஆம் ஆண்டு மார்ச் 26, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை மாலை. நடத்திய சபையின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்களைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கமன்று.

நுழைவுச்சீட்டு பெரியவருக்கு 2,500 ரூபாய், சிறுவருக்கு அதில் பாதி. ஆறு மணிக்குக் கதவு திறந்தது, ஏழு மணியைத் தாண்டித்தான் நிகழ்ச்சி தொடங்கியது, முடியும்போது பத்தேகால். மண்டபம் துப்புரவாக இருந்தது. வாசலில் நின்ற இளைஞர்கள் முதியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போய் மின்விசிறிக்குக் கீழே இருத்தினார்கள். உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. சாப்பாடும் நன்றாகவே இருந்தது: சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், பருப்பு, இறுதியில் நம் ஊருக்கே உரிய எருமைக் கட்டித்தயிரும் பாணியும். சாப்பாட்டுக்காக மட்டும் போகிறவருக்கு விலை சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் சுவரொட்டி வாக்களித்தது சாப்பாட்டை அன்று, "இயேசு உண்டபடியே" என்பதை. அந்த வாக்கை வைத்தே இந்த விருந்தை அளக்க வேண்டியிருக்கிறது. ஆட்டிறைச்சியை உண்ட வாயோடு தயிர் உண்பது, இறைச்சியையும் பாலையும் ஒரே பந்தியில் சேர்க்காத யூதர் எவரும் செய்யாத காரியம். ஐரோப்பிய வழிவந்த யூதர் பலர் பஸ்கா வாரத்தில் சோறும் பருப்பும்கூடத் தொடுவதில்லை. எருசலேம் ஆலயம் இல்லாத காலத்தில் பலியாட்டை நினைவூட்டும் விதமாகச் சுட்ட ஆட்டிறைச்சியை அவ்விரவில் உண்ணலாகாது என்பது பல யூத சமூகங்களின் வழக்கம். இங்கோ ஆட்டுக்கறியையே "பஸ்கா ஆடு" என்று அறிவித்துப் பரிமாறினார்கள். புளிப்பில்லா அப்பம் என்று வைக்கப்பட்டது சப்பாத்தி. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் சுட்டு முடிக்காவிட்டால் அது புளித்ததாகவே கொள்ளப்படும் என்பது யூதச் சட்டம். சமையற்கட்டில் நின்றவரிடம் மா எப்போது குழைத்தது என்று கேட்டேன். "மத்தியானமே குழைச்சு வச்சாச்சு" என்றார். ஆக, பஸ்கா வாரத்தில் ஒரு யூதர் தம் வீட்டு எல்லைக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாத பொருள், அன்று எங்கள் தட்டின் நடுவில் வெள்ளைத் துணியால் மூடி வைக்கப்பட்டிருந்தது. சமைத்தவர்மேல் பிழை இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

யூதர் வீடுகளில் பஸ்கா முதல் இரவில் நடக்கும் விருந்துக்குச் செடெர் என்று பெயர். ஒழுங்குமுறை என்பது அச்சொல்லின் பொருள். அதற்கென்று ஹகதா எனப்படும் நூல் உண்டு. வீட்டிலுள்ள சிறு பிள்ளை, "மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டது?" என்று கேட்கும், பெரியவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்தையும் விடுதலையையும் கதையாகச் சொல்லுவார்கள். நான்கு கிண்ணம் திராட்சை இரசம் அருந்துவார்கள். பத்து வாதைகளைச் சொல்லும்போது, எதிரி பட்ட துன்பத்தினால் நம் மகிழ்ச்சி குறைய வேண்டும் என்று விளங்கி, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு, உப்புநீர் கண்ணீர், பழமும் கொட்டைப் பருப்பும் அரைத்த விழுது, செங்கல் அடுக்கிய சேறு. கல்லடியில் கீரைக்கு வல்லாரை, கசப்புக்குப் பாவற்காய், விழுதுக்கு ஈச்சம்பழமும் கச்சானும். இந்த மாற்றங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உலகெங்கும் யூதரே அந்தந்த நாட்டில் கிடைப்பதைக் கொண்டுதான் அந்த விழுதை அரைக்கிறார்கள். முஸ்லிம்களின் நோன்பு மாதமாகையால் நல்ல ஈச்சம்பழம் காத்தான்குடியில் மலிந்து கிடந்தது என்று ஏற்பாட்டாளர் ஒருவர் பெருமையோடு சொன்னார். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்றைய மாலையின் மிகச் சிறந்த பகுதி எதுவென்றால், ஏழு வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒன்று எழுந்து நின்று அந்தக் கேள்விகளைக் கேட்டதும், அதன்பின் எல்லோரும் சேர்ந்து 113ஆம் திருப்பாடல் முதல் 118 வரையானவற்றிலிருந்து சில வரிகளைத் தமிழில் பாடியதும்தான். யூதர் அவ்விரவில் பாடுவதும் அவற்றையே. நற்செய்தியில் சீடர்கள் பாடல் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று வாசிக்கும்போது நம் அறிஞர் பலர் நினைப்பதும் அவற்றையே. அந்தக் கால்மணி நேரத்துக்கு 2,500 ரூபாயும் தகும் என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மதிப்பீட்டை மாற்றியது. போதகர், நடு இரவுப் பூசாரியைப் போலத் தோளில் நூல்குஞ்சம் தொங்கும் யூதச் சால்வையைப் போர்த்துக்கொண்டு (அது பகலில் அணிவது, இரவில் அணியும் தருணங்கள் மிகச் சில) மேடையேறி, தட்டிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி, "யூதர் இதைச் செய்கிறார்கள், ஆனால் இதன் பொருள் அவர்களுக்குத் தெரியாது" என்ற ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கினார். மூன்று அப்பங்கள் திரித்துவம். நடு அப்பம் உடைக்கப்படுவது சிலுவை மரணம். அப்பத்திலுள்ள கோடுகள் கசையடித் தழும்பு. துளைகள் ஆணிக் காயம். அப்பத்தில் துளையிடுவது மா உப்பாமல் இருப்பதற்காக. கோடுகளும் துளைகளும் வரிசை பிசகாமல் இருக்கும் கடை அப்பம், 1838இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் முதல் அப்ப இயந்திரம் வந்த பின்னர் பரவியது. மூன்று அப்பம் ஏன் என்றால், பாலைவனத்தில் ஓய்வுநாளுக்கு முன்தினம் மன்னா இருமடங்காகக் கிடைத்ததன் நினைவாகப் பண்டிகைக்கு இரண்டு முழு அப்பம் வேண்டும், உடைப்பதற்கு இன்னொன்று. குரு, லேவியர், இசுரயேலர் என்ற மூன்று பிரிவாகவும் சொல்லுவார்கள். பொருள் தெரியாதவர்கள் யூதர் அல்லர்.

அதைவிடப் பெரிய பிழை, அந்த விருந்து முழுவதையும், இயேசு சீடரோடு உண்ட இறுதி இராவுணவின் நகலாகக் காட்டியதில் இருக்கிறது. கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலியும் பலிபீடமும் போன பின்னர், இனி விடுதலையை எவ்வாறு நினைவுகூர்வது என்று கலங்கிய மக்களுக்கு, வீட்டு மேசையையே பீடமாக்கிக் கொடுத்தவர்கள் ரபிமார் எனப்படும் யூத சமய ஆசிரியர்கள். நான்கு கிண்ணமும் பிள்ளையின் கேள்வியும் ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் நூலில்தான் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. ஹகதாவின் பாடல்கள் சில அதற்கும் பல நூற்றாண்டு பிந்தியவை. இயேசு ஆலயம் நின்ற காலத்தவர். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அவர் உண்டது பஸ்கா உணவு என்கிறார்கள். யோவானோ, மறுநாள்கூடப் பஸ்கா இன்னும் உண்ணப்படவில்லை என்ற கணக்கில் எழுதுகிறார். இந்த முரண்பாட்டையே தெளிவாக அவிழ்க்க முடியாத நாம், அவருக்குப் பின் பிறந்த ஒரு சடங்கை எடுத்து "அவர் உண்டபடியே" என்று சுவரொட்டி அடிக்கலாமா? நாள்கூடப் பொருந்தவில்லை. நான் போன 2024ஆம் ஆண்டு யூத நாட்காட்டியில் ஓர் அதிமாதம் சேர்ந்திருந்தபடியால், உண்மையான பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. நாங்கள் நான்கு கிழமைக்கு முன்பே உண்டு முடித்துவிட்டோம்.

இவற்றையெல்லாம் ஏட்டுப்பிழை என்று தள்ளிவிடலாம். என்னால் தள்ள முடியாதது வேறொன்று. எங்கள் முன் கிண்ணங்களில் சிவப்புத் திராட்சைச் சாறு இருந்தது. போலந்தில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாவீது ஹலேவி செகல் என்ற ரபி, பஸ்கா இரவில் சிவப்பு இரசத்தைத் தவிர்க்கும்படி எழுதினார். ஏன்? யூதர் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்ற பழி, 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நோர்விச் நகரத்தில் கிளம்பி, பின்னர் அந்த இரத்தத்தைப் பஸ்காவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் வளர்ந்து, ஐரோப்பா முழுவதும் பரவி, எத்தனையோ குடும்பங்களைத் தீக்கும் வாளுக்கும் கொடுத்திருந்தது. சிவப்பு இரசம் மேசையில் இருந்தால் அதையே சாட்சியாக்கிவிடுவார்கள் என்ற அச்சம். பழி சொன்னவர்கள் கிறிஸ்தவர்கள். பெரிய வாரமும் உயிர்ப்புப் பெருவிழாவும் யூதர் கதவடைத்து நடுங்கிய நாட்கள். எந்த மேசையைக் காட்டி நம் முன்னோர் அவர்களைக் கொன்றார்களோ, அதே மேசையை இன்று நாமே போட்டு, அவர்களுக்கு அதன் பொருள் தெரியாது என்று ஒலிவாங்கியில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மண்டபத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் அந்தக் கூச்சம் வராததற்குக் காரணம் அவர்களின் கெட்ட மனம் அன்று. மறுத்துச் சொல்ல ஒரு யூதர்கூட அங்கே இல்லை.

இல்லாதவர்களைப்பற்றிப் பேசிய அந்த மண்டபத்தில், இருந்தவர்களும் கவனிக்கப்படவில்லை. மேடையில் ஏழு கிளை விளக்குக்குப் பக்கத்தில் இஸ்ரேல் நாட்டின் கொடி விரிக்கப்பட்டிருந்தது. அது நோன்பு மாதம். காசாவில் போர் தொடங்கி ஆறாவது மாதம். பரிமாற வந்த உணவுக்காரரின் பையன்கள் இருவர் காத்தான்குடிப் பிள்ளைகள். ஆறு மணி கடந்து பாங்கு சொன்னதும் சமையற்கட்டுக்குப் பின்புறம் நின்றபடியே, விழுது அரைத்து மிஞ்சிய ஈச்சம்பழத்தாலும் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவந்த கஞ்சியாலும் நோன்பு திறந்துவிட்டு, கைகழுவிக்கொண்டு உள்ளே வந்து, அந்தக் கொடியைக் கடந்து கடந்து எங்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின், தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கடைக்கு ஒருவர் போகவே தயங்கிய நாட்களைக் கண்ட ஊர் இது. யூத சமயம் வேறு, ஓர் அரசின் கொடி வேறு. விவிலியத்தின் விடுதலைப் பயண நூலை வாசிப்பதற்குக் கொடி தேவையில்லை.

உயிரோடு இருக்கும் யூதர் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தெற்கே அம்பாறை மாவட்டத்து அறுகம்குடாவில், அலைச்சறுக்க வரும் இஸ்ரேலிய இளைஞர்களுக்காக வழிபாட்டு இல்லம் ஒன்று நடந்தது. அது குறித்துப் பொத்துவில் மக்களிடையே எழுந்த மனக்கசப்பும், 2024 அக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அப்பகுதிக்குப் போக வேண்டாம் என்று விடுத்த எச்சரிக்கையும் எல்லோரும் அறிந்தவை. அங்கே யூதர் என்றால் பாதுகாப்புப் பிரச்சினை. கல்லடி மண்டபத்தில் யூதர் என்றால் மேடைப் பொருள். சாதாரணமாகத் தம் பிள்ளைகளோடு மேசையில் அமர்ந்து கதை சொல்லும் மனிதர்களாக அவர்கள் எங்கும் காணப்படவில்லை.

வாசலில் ஒரு விற்பனை மேசையும் இருந்தது. பலர் அங்கேதான் பணத்தைக் கொட்டினார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கடாக் கொம்பில் செய்த ஷோஃபார் 18,000 ரூபாய்; நாற்றம் இன்னும் போகவில்லை. யூதர் அதை ஊதுவது முக்கியமாகப் புத்தாண்டில், அதாவது செப்டம்பர், அக்டோபர் அளவில். அன்று நூறு முறை ஊதுவது வழக்கம். பஸ்கா விருந்தில் அதற்கு வேலை இல்லை, ஆனால் அன்றிரவு மூன்று முறை ஊதப்பட்டது. வாசல் நிலையில் பதிக்கும் மெசூசா என்ற சிறு பேழை 3,500 ரூபாய். அதன் உயிர் பேழையில் இல்லை. பயிற்சி பெற்ற எழுத்தர் தோலில் கையால் எழுதிய இணைச்சட்ட நூல் வசனங்களில் இருக்கிறது. விற்பனையாளரிடம் கேட்டுத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது படப்பிரதி எடுத்த கடதாசித் துண்டு. வீட்டுக்கு ஆசீர்வாதம் வரும் என்று சொல்லி ஒரு முதிய அம்மா இரண்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டுச் சுவரில் திருஇருதயப் படம் ஏற்கெனவே தொங்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் படப்பிரதி துணை தேவைப்பட்டது ஏனோ.

"நாமும் எத்தனையோ கடன் வாங்கியவர்கள்தானே ரீச்சர்" என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். உண்மை. எங்கள் கோவில் திருவிழாவுக்குக் கொடியேற்றம் உண்டு; நிறைகுடமும் குத்துவிளக்கும் உண்டு. ஆனால் அவற்றை நாங்கள் அயலிலிருந்து, அயலார் கண் முன்னே, அவர்களோடு வாழ்ந்து வாங்கினோம். வாங்கிய பின் "இதன் பொருள் உங்களுக்குத் தெரியாது" என்று அவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. வைகாசியில் நம் கரையோர ஊர்களில் கண்ணகை அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு நடக்கிறது. வெளியூர்ச் சபையொன்று மண்டபம் எடுத்து, கட்டாடியார் என்னும் பூசகர் வேடத்தில் ஒருவரை நிறுத்தி, வழக்குரை பாடி, குளிர்த்தித் தண்ணீர் தெளித்து, ஈற்றில் "கண்ணகை உண்மையில் எங்கள் கடவுளையே சுட்டி நின்றாள், தம்பிலுவில்லாருக்கும் செட்டிபாளையத்தாருக்கும் அது இன்னும் விளங்கவில்லை" என்று அறிவித்தால், கிறிஸ்தவளான எனக்கே கோபம் வரும். ஊர்க்காரருக்கு எவ்வளவு வரும்?

விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரம் நமக்கும் மறைநூல். அதை வாசிக்கவும் பாடவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா திருவிழிப்பு இரவில் செங்கடல் வாசகத்தை விடவே கூடாது என்பது எங்கள் வழிபாட்டு ஒழுங்கு. ஹகதா அப்படியன்று, ஆலயம் இழந்த மக்கள் நம்மால் துன்புறுத்தப்பட்ட நூற்றாண்டுகளில் காத்து வளர்த்த சொத்து அது. 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதரைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 1988இல் அமெரிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு, பங்குகளில் செடெர் நடத்துவதில் கல்விப் பயன் உண்டு என்று ஒப்புக்கொண்டு, ஆனால் அதன் முடிவில் இறுதி இராவுணவு வாசகங்களைச் சேர்த்து அதற்குத் "திருமுழுக்குக் கொடுப்பது" தவறு, அது இரு மரபுகளையும் சிதைக்கும் என்று எழுதியது. கல்லடியில் நடந்தது சரியாக அதுவே: நான்காம் கிண்ணம் திருவிருந்துக் கிண்ணமாக மாறி, முன்வரிசையிலிருந்து கைமாறி வந்தது. நான் வாங்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் சுகமில்லையா என்று கேட்டார்.

ஆகவே, கேட்ட இருவருக்கும் என் பதில்: பிள்ளைகளோடு போக நினைத்தவர் போக வேண்டாம், ஏழு வயதில் கேட்டது எழுபதிலும் நிற்கும். தாயாரோடு போக நினைத்தவர், தாயாருக்குப் பொழுதுபோக்கு வேண்டுமென்றால் போகலாம், விற்பனை மேசையில் மட்டும் நிற்க வேண்டாம். அந்த விடுதலைக் கதை மேல் உண்மையான ஆசை இருந்தால், பெரிய வியாழனுக்கு முன் ஒரு மாலை வீட்டிலேயே 12ஆம் அதிகாரத்தை வாசித்து, திருப்பாடல் 114ஐப் பாடி, சோறும் கறியும் சாப்பிடலாம். அதற்கு எபிரேயப் பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

இவற்றில் பெரும்பகுதியைக் கடிதமாக எழுதி நடத்தியவர்களுக்கும் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, என்னை மின்விசிறிக்குக் கீழே இருத்திய அதே தம்பி தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், எதை மாத்த வேணும் எண்டு சொல்லுங்க, நான் எழுதிக்கிறன்" என்றார். மூன்று சொன்னேன். கொடியை எடுத்துவிடுங்கள். சுவரொட்டியில் "இயேசு உண்டபடியே" என்பதை அழித்துவிடுங்கள். யூதருக்குப் பொருள் தெரியாது என்ற பேச்சையும் நான்காம் கிண்ணத்தையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டையும் எழுதிக்கொண்டார். மூன்றாவதற்குச் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அத பாஸ்டரிட்டத்தான் கேக்கணும் ரீச்சர்" என்றார். இந்த ஆண்டுச் சுவரொட்டியில் தலைப்பு மாறவில்லை. கொடியைப்பற்றிப் போய்ப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.